மாடி வீட்டில் பால் காய்ச்சினார்கள்

போன வாரக் கதையில், கொச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய இருவரையும் மைசூர் குவெம்புநகரில் உமாதேவியின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். அவர்கள் அங்கே வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. அன்னபூர்ணிக்கு இன்னும் தரை பழகவில்லை.

படகிலேயே குடியிருந்துவிட்டுக் கரையேறுகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. தரை சும்மா இருக்கும், உடம்பு ஆடும். குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் கணவர் கணபதிராமனுக்கும் ஆடும். அவருக்கு அது பிடிக்கும், அதுதான் வித்தியாசம்.

இன்றைக்குத் தை வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே அன்னபூர்ணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அதற்குக் கடல் காரணமில்லை.

அடுப்பில் காபிக்குப் பால் இருந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். பால் விளிம்புக்கு எழும்பி வந்த நொடியில் அவள் விரல் அடுப்பின் திருகை மூடியது. பால் ஏறின வேகத்தில் இறங்கிக்கொண்டது.

"நீ வந்ததிலிருந்து என்ற ஊட்டு அடுப்பு காஞ்சே கெடக்குது புள்ள," என்றாள் உமாதேவி. "நானெல்லாம் தெனம் ஒருக்கா பாலப் பொங்கவிட்டுத் தொடைச்சாத்தான் அடுத்த வேலை."

"படகுல பொங்கவிட்டா துடைக்கறதோட போகாது. கையும் வெந்துடும்," என்றாள் அன்னபூர்ணி.

அவளுடைய இடது முன்கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. உமாதேவி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உமாதேவி கொங்கு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்து பேரன் எடுக்கிற வயதாகியும் அவள் பேச்சு மட்டும் ஹனூரை விட்டு நகரவில்லை.

"அண்ணாகிட்டச் சொல்லிப்போட்டியா?" உமாதேவிக்குக் கணபதிராமன் அண்ணா.

"இன்னும் இல்ல."

உமாதேவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம் புள்ள, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்கு முந்தி மாடியில பால் காச்சோணும். நீங்க ரெண்டு பேரும் சேந்து அடுப்புப் பத்த வெக்கோணும். யாரு வீட்டுக்குன்னே தெரியாம அவரு எப்படிப் பத்த வெப்பாரு?"

"மார்க்கெட்டுக்குப் போறச்சே சொல்லிடறேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னே."

விஷயத்தைப் புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கணபதிராமன் கப்பல் எஞ்சினியர். முப்பது வருஷம் உலகம் சுற்றினார் என்று பெயர். சுற்றியது கப்பல். அவர் அதன் அடிவயிற்றில் எஞ்சின் அறையில் வேர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலம் முழுக்க அன்னபூர்ணி இதே தெருவில், உமாதேவிக்கு அடுத்த வீட்டில், மகன் வினயை வளர்த்துக்கொண்டு மதில் சுவருக்கு மேலே பேசிப் பேசியே நாளைத் தள்ளினாள். ரிட்டையர் ஆனதும் அவர் வீட்டை விற்று ஒரு பாய்மரப் படகு வாங்கினார். அதற்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்தார். "கடலை ஒரு தடவையாவது மேலேர்ந்து பாக்கணும் அன்னம். நீயும் வா," என்றார்.

கேட்ட மறுநாளே அவள் பெட்டி கட்டினாள். அவ்வளவு காலம் அவர் இல்லாமலே குடும்பம் நடத்தியவளுக்கு, அவர் கூட இருந்தால் போதும், அது தண்ணீரானால் என்ன, தரையானால் என்ன என்றிருந்தது. ஆறு வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

இந்த மார்கழியில் அந்தமானிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழியில் புயல் பிடித்துக்கொண்டது. அடுப்பிலிருந்த பால் அவள் கையில் கவிழ்ந்தது. அதுகூடப் பெரிதில்லை. பாயை இறக்க மேலே போன கணபதிராமன், அவள் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லவில்லை. காற்றில் அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் குரல் திரும்ப வரும்வரை அந்தச் சின்ன அறையில் அவள் தனியாக இருந்தாள். அவர் போய்விட்டார் என்றே நினைத்தாள். கரையேறியதும், அவர் டீசல் வாங்கப் போன நேரம் பார்த்து உமாதேவிக்குப் போன் போட்டு அழுதாள். "எனக்கு ஒரு வீடு பாருடி. என்னால முடியல."

உமாதேவியிடம் ஒரு வேலையைச் சொன்னால் கேட்க வேண்டுமா. தன் வீட்டு மாடியையே ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, நாளும் பார்த்துவிட்டாள். கணபதிராமனைப் பொறுத்தவரை இது எப்போதும் வரும் வரவு. படகைக் கொச்சியில் தரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி வண்ணம் அடிக்கும் வரை பழைய சிநேகிதன் பாலன் வீட்டில் விருந்துச் சாப்பாடு. அப்புறம் கிளம்ப வேண்டியதுதான்.

உமாதேவிக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. அவள் கணவர் பாலனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து மனுஷர் நாற்காலியும் டிவியுமாக ஒடுங்கிவிட்டார். கேட்டால் பதில் சொல்வார், தானாக ஒன்றும் பேசமாட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரோடு வளர்ந்த கணபதிராமன் மாடியில் குடியிருந்தால் அவருக்கு உயிர் வரும் என்று அவள் நம்பினாள்.

*

தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வரிசை முழுக்க மல்லிகை வாசம். கணபதிராமன் பையை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். கடலில் கறுத்த முகம், கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன பேன்ட், கல்யாண வீட்டு உற்சாகம்.

"மாடிக்கு யார் குடி வரா அன்னம்?"

"தெரிஞ்சவாதான்."

"நல்ல மனுஷாளா? பாலனுக்குப் பேச்சுத்துணைக்கு ஆகணுமே."

"நல்ல மனுஷாதான்."

"மாமி எப்படி?"

அன்னபூர்ணி மல்லிகைக் கூடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவளுக்கு என்ன, சாது," என்றாள்.

"அப்ப அந்த மாமிக்குத் தனியா ஒரு முழம் வாங்கு," என்றவர், பூக்காரியிடம் தானே கன்னடத்தில் சொல்லி வாங்கினார். இலையில் சுற்றியதை அன்னபூர்ணியின் கையில் கொடுத்தார். "மறக்காம நீயே அவ தலையில வெச்சு விடு."

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் குறைவாக இருந்த இடத்தில் நின்றாள்.

"ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்கும் அவர் சட்டைப் பையில் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கொச்சியில் படகுக்கு வண்ணம் அடிக்கும் ஆள். கணபதிராமன் பேசுகிறபோது முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அடிப்பக்கத்துக்கு நீலம் அடிக்கட்டுமா, சிவப்பான்னு கேக்கறான். நீயே சொல்லு. உன் வீடு அது."

வேண்டாம், நான் வரப்போவதில்லை, நீங்கள் எந்த வர்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சந்தர்ப்பம் அவள் கைக்கே வந்து சேர்ந்தது.

"நீலம்," என்றாள் அன்னபூர்ணி.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பங்குனிக்குள் கிளம்பிவிட வேண்டும், அப்புறம் காற்று திரும்பிவிடும். முதலில் மாலத்தீவு, அங்கேயிருந்து சீஷெல்ஸ். அங்கே ஆமைகள் இடுப்பு உயரத்துக்கு இருக்குமாம். அன்னத்தை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து வினய்க்கு அனுப்ப வேண்டும். அவள் மடியில் பூப்பொட்டலத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். அவள் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

*

மற்ற விருந்தாளிகள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். கணபதிராமன் பாலன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் படகிலிருந்து பழுதான சாமான் ஒன்றைக் கொண்டுவருவார். பாலன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் கையில் பட்டு ஓடாத எஞ்சின் இல்லை என்பது கணபதிராமனின் கட்சி. இந்தத் தடவை வந்தது, கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும் சின்ன பம்பு.

உமாதேவி அதைப் பார்த்த உடனே பரணில் ஏற்றிவிட்டாள். டாக்டர் நடக்கலாம், மெல்ல மாடி ஏறலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் உமாதேவியின் சட்டத்தில் அவை எதுவும் கிடையாது. ஸ்கூட்டர் சாவி ஒளித்து வைக்கப்பட்டது. ஸ்பேனர் டப்பாவும் அப்படியே.

இப்போது அவர்கள் உள்ளே நுழைந்தபோது பாலன் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கன்னடப் பேப்பர். பேப்பர் மேல், பரணிலிருந்து எப்படியோ இறக்கிய பம்பு, பல துண்டுகளாக. கையில் பூஜை அறையில் விளக்குத் திரி தள்ளும் கம்பி.

"ஏனோ ராமா," என்று கன்னடத்தில் கூப்பிட்டார், தலையைத் தூக்காமல். "ரப்பர் சீலைத் திருப்பிப் போட்டிருக்கு. இதை எவன் மாட்டினது?"

"நான்தான்."

"தெரியுது."

கணபதிராமன் விழுந்து விழுந்து சிரித்தார். பாலனின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அதற்குள் அடுக்களையிலிருந்து உமாதேவியின் வளையல் சத்தம் கேட்கவும் பேப்பர் மடிந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

"நீங்க கீழேயே இருங்க. படி ஏற வேண்டாம்," என்று அவள் கணவரிடம் சொல்லிவிட்டு, தட்டில் மஞ்சளும் உப்பும் அரிசியும் வைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போகிற போக்கில் அன்னபூர்ணியைப் பார்த்தாள். அன்னபூர்ணி இல்லை என்று தலையசைத்தாள். உமாதேவியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது.

மாடியில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாக்கள் இரண்டு பேர் வந்து ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். உமாதேவியின் மருமகள் ஸ்மிதா வாசலில் ரங்கோலி போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணபதிராமனிடம் ஓடி வந்தாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நாக்கில் முதலில் வரும்.

"அங்கிள், கட்டில் எந்த ரூம்ல போடறது? பேக பேக, சீக்கிரம் சொல்லுங்க, ஆள் கீழ வெயிட் பண்றான்."

கணபதிராமன் உண்மையாகவே யோசித்தார். இரண்டு அறைக்கும் போய் எட்டிப் பார்த்தார்.

"கிழக்கு ஜன்னல் ரூம்ல போடும்மா. காலம்பற எழுந்தா வெளிச்சம் முகத்துல படணும். ஜன்னலைத் திறந்தா அந்த வேப்பமரம் தெரியறது பாரு. வயசானவாளுக்கு நன்னா இருக்கும்."

ஸ்மிதா சிரித்தாள். "என்ன அங்கிள், யாருக்கோ சொல்ற மாதிரி சொல்றீங்க?"

"ஸ்மிதா," என்றாள் அன்னபூர்ணி. "கீழ போய்த் தேங்காயை எடுத்துண்டு வாம்மா."

அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அன்னபூர்ணி கணவரின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கிழக்கு ஜன்னல் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். வெறும் அறை என்பதால் மூச்சு விட்டால்கூட எதிரொலித்தது.

"இந்த வீடு நமக்கு," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான்தான் உமாகிட்டக் கேட்டேன். திருகோணமலையிலேர்ந்து போன் பண்ணிக் கேட்டேன். எனக்கு இனிமே முடியாது. நீங்க மேல போறச்செல்லாம் நான் கீழ உக்காந்து உங்க காலடிச் சத்தத்தை எண்ணிண்டிருக்கேன். சத்தம் நின்னா என் உசுரும் நிக்கறது. எனக்கு ஆடாத தரையில கொஞ்ச நாள் படுத்துக்கணும்."

கணபதிராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் கொச்சி வரைக்கும் கூட வந்தியே. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா உடனே படகைத் திருப்பிடுவேள். அப்புறம் காலம் பூரா என்னால உங்க கடல் போச்சுன்னு ஆயிடும்."

"நீலம்னியே, காலம்பற."

"ஆமாம். என் வாய்ல அதுதான் வந்தது."

அவர் ஜன்னல் கம்பியை விட்டார். பிறகு அவளுடைய இடது கையை எடுத்து, வெந்து சுருங்கிய தோலின் மேல் கட்டை விரலை வைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சண்டை போட்டால் தேவலை என்றிருந்தது.

"ராகு காலம் வந்துடும்," என்றார். "வா. எல்லாரும் காத்துண்டிருக்கா."

*

சாமி படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. புது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டுப் பால் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தாள் உமாதேவி. கணவனும் மனைவியுமாக அறையிலிருந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் போன ரத்தம் திரும்பி வந்தது. சொல்லியாகிவிட்டது என்பது இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

கணபதிராமன் மார்க்கெட்டில் வாங்கிய அந்தத் தனி முழத்தைத் தட்டிலிருந்து எடுத்தார். "மாமிக்குன்னு வாங்கினது," என்று அன்னபூர்ணியிடம் கொடுத்தார். அவள் குனிந்து தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, பூவைச் செருகும் சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து அடுப்பைப் பற்ற வைத்தார்கள். எல்லோரும் பாத்திரத்தையே பார்த்தார்கள். ஸ்மிதா போனில் வீடியோ பிடித்தாள். எந்தப் பக்கம் பொங்கி வழிகிறதோ அதை வைத்துக் குடும்பம் எப்படி இருக்கும் என்று உமாதேவி சொல்லத் தயாராக இருந்தாள்.

பால் ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் ஒரு சுழிப்பு. பிறகு ஒரே மூச்சில் விளிம்புக்கு எழும்பி வந்தது.

அன்னபூர்ணியின் விரல் திருகை மூடியது.

பால் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எதிர்வீட்டு அம்மாக்களில் ஒருத்தி மற்றவளின் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன புள்ள பண்ணிப்போட்டே," என்றாள் உமாதேவி.

அன்னபூர்ணி தன் கையைப் பார்த்தாள். அவள் கேட்டு வாங்கிய வீடு, அவள் பொருட்டு நாள் பார்த்துக் கூட்டிய நாலு பேர், எல்லோருக்கும் முன்னால் அவள் கையே முதல் நாள் பாலைப் பொங்கவிடாமல் நிறுத்திவிட்டது. "வேணும்னு பண்ணல. கை தானா போயிடுத்து," என்றாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த வீடு ஆகாது என்று யாராவது சொல்வதற்குள் கணபதிராமன்தான் பேசினார்.

"ஒண்ணும் ஆகல உமா. ஆறு வருஷமா அவ பாலைப் பொங்கவிட்டதே இல்ல. படகு சாயறச்சே பொங்கினா மேலதான் கவிழும். ஒரு தடவை தப்பிப் போனதுக்குத்தான் அந்தக் கை."

அவரே அடுப்பை மறுபடி பற்ற வைத்தார். அன்னபூர்ணியின் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். பாய்க்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. பால் திரும்பவும் எழும்பியது. அவள் கை திருகை நோக்கி இழுத்தது. அவர் விடவில்லை.

"இரு அன்னம். பொங்கட்டும். இங்க எதுவும் ஆடாது."

பால் பொங்கிற்று. எல்லாப் பக்கமும் வழிந்து, அடுப்பில் விழுந்து சுறுசுறுவென்று சத்தம் போட்டு, கருகின வாசம் வீடு முழுக்கப் பரவியது. ஸ்மிதா கை தட்டினாள். எதிர்வீட்டு அம்மாக்களும் தட்டினார்கள். உமாதேவி குங்குமத்தை எடுத்து அன்னபூர்ணியின் நெற்றி நிறைய அப்பினாள்.

அவர் சம்மதித்துவிட்டார். இவ்வளவு பேர் முன்னால், ஒரு சண்டைகூடப் போடாமல் கொடுத்துவிட்டார். அன்னபூர்ணிக்கு அந்தச் சந்தோஷம் நெஞ்சில் இறங்கவில்லை. அவர் பிடித்த கை இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது. ஆனால் அவர் மனசு எங்கோ போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவருக்கு மனைவியாக இருந்தவளுக்கு அது தெரியாதா.

*

எதிர்வீட்டு அம்மாக்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள். உமாதேவி பாலில் சர்க்கரை போட்டு டம்ளர்களில் ஊற்றினாள். வாயெல்லாம் பல்.

"அப்ப படகக் குடுத்துப்போடலாமுங்களா அண்ணா?"

கணபதிராமன் ஒரு வாய் பால் குடித்தார். டம்ளரை வழக்கம்போல் ஜன்னல் திட்டின் உள்மூலையில், சாய்ந்தால் விழாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"அதைக் குடுக்க எனக்கு மனசு வரல உமா. தரையிலயும் ரொம்ப நாள் போட்டு வெக்க முடியாது, வெயில்ல கெட்டுப்போயிடும். பங்குனிக்குள்ள தண்ணியில இறக்கணும்." அவர் அன்னபூர்ணியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "அன்னம் இங்க நிம்மதியா இருக்கட்டும். நான் ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

"தனியாவா?" என்றாள் அன்னபூர்ணி.

"என்னைவிட வயசானவா எத்தனையோ பேர் தனியாப் போறா. துறைக்குத் துறை போன் பண்றேன்."

துறைக்குத் துறை போன். அதே தெரு, அதே மதில் சுவர். மணி அடித்தால் ஓடுவது, அடிக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடப்பது. முப்பது வருஷம் அவள் அதைத்தான் செய்தாள். தரை வேண்டும் என்று கேட்டாள். தரையோடு சேர்த்து அந்தக் காத்திருப்பையும் அவர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம், நீங்கள் போக வேண்டாம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? அவரோடு இனிப் படகில் போகமாட்டேன் என்று சற்று முன் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னவள் அவள்தானே.

"தனியாப் போறது எதுக்கு?"

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

பாலன் ரங்கோலியை மிதித்துவிடாமல் ஓரமாக நின்றிருந்தார். ஒரு கை கைப்பிடிச் சுவரில். கொஞ்சம் மூச்சு வாங்கியது. படி ஏறி வந்திருக்கிறார். யாரும் கவனிக்காத நேரத்தில், நின்று நின்று, தானாகவே ஏறி வந்திருக்கிறார். மற்றக் கையில் அந்தப் பம்பு, பூட்டி, துடைத்து, எண்ணெய் போட்டு.

"சுத்திப் பாரு," என்று கணபதிராமனிடம் நீட்டினார். "வெண்ணெய் மாதிரி ஓடுது."

கணபதிராமன் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரித்தான் ஓடிற்று.

"நீ மாட்டினா மறுபடி கெடும். எஞ்சினுக்கு ஒரு ஆள் வேணும் உனக்கு," என்றார் பாலன். "நான் வரேன் ராமா. மாடி யாருக்குன்னு எனக்குத் தெரியும், அதான் டாக்டரை நேத்து நானே போன் பண்ணிக் கேட்டுட்டேன். முதல்ல வந்து செக் பண்ணிக்க, அப்புறம் பார்க்கலாம்னாரு. போகக் கூடாதுன்னு சொல்லல."

ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவர் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. எதற்காக உமாதேவி மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமியை வேண்டி, இந்த இருவரையும் இங்கே கொண்டுவந்து குடிவைத்தாளோ, அது அவர் முகத்தில் வந்துவிட்டது.

ஏன் படி ஏறினீர்கள் என்று உமாதேவி கேட்கவில்லை. பால் ஊற்றிய டம்ளர் கையில் அப்படியே இருந்தது. அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல அன்னபூர்ணியின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"முப்பது வருசம் எப்படிப் புள்ள காத்திருந்தே," என்றாள். "எனக்குச் சொல்லிக் குடு."